தடி ராடு போட்டால் வண்டி சாயாதா? ஸ்டெபிலைசர் ராடில் நடக்கும் தவறுகள்

போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் சாய்ந்து எழும். "அண்ணே, ஸ்டெபிலைசர் ராடு ஒண்ணு நல்லா தடியா போட்டுக் குடுங்க" என்றுதான் பட்டறைக்கு வருவார்கள். இடது, வலது சக்கரங்களை இணைத்து, தன் முறுக்கத்தால் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பிதான் இந்த ராடு. தப்பு அந்தத் 'தடியா'விலேயே ஆரம்பிக்கிறது.

கெட்டி ராடின் விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 20 மி.மீ. ராடை 22 ஆக்கினால் விறைப்பு 46 சதவீதம் கூடும். 25 ஆக்கினால் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. பின்னால் மட்டும் அப்படிப் போட்டால் மழைநாள் இறக்கத்தில் வண்டி வாலை வீசும். முன்னால் மட்டும் போட்டால், ஸ்டியரிங்கை ஒடித்தும் திரும்பாமல் வெளிப்பக்கம் தள்ளும். சின்னதில் தொடங்குங்கள். ராடின் கையில், அதாவது வளைந்த முனைப் பகுதியில், இரண்டு மூன்று ஓட்டை போட்டுவைத்தால் லிங்கை (ராடின் முனையை வண்டியோடு இணைக்கும் சிறு கம்பி) மாற்றிமாற்றி மாட்டிப் பார்க்கலாம். கை நீளம் குறையக் குறைய விறைப்பு ஏறும்.

அடுத்தது இரும்பு. இரும்புக்கடையில் கிடைக்கும் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதா இரும்பு) ராடுக்கும் ஸ்பிரிங் ஸ்டீலுக்கும் விறைப்பில் வித்தியாசம் கிடையாது. ஏமாறுவதும் அதனால்தான். முதல் வாரம் அருமையாக ஓடும், பிறகு முறுக்கினது முறுக்கினபடி நின்றுவிடும். ஆரம்பத்தில் நானும் ஒன்று செய்தேன். கழற்றித் தரையில் வைத்தால் ஒரு முனை தரையில், மறுமுனை இரண்டு விரல் மேலே! ஈ.என்.45 போன்ற ஸ்பிரிங் ஸ்டீல்தான் வேண்டும். அதையும் கேஸ் டார்ச்சில் வளைவை மட்டும் பழுக்கக் காய்ச்சி வளைத்தால் அந்த இடத்தில் டெம்பர் (சூட்டுப் பதத்தால் வரும் உறுதி) போய்விடும். வளைத்தபின் முழு ராடையும் சூடேற்றி, எண்ணெயில் குளிரவைத்து, திரும்ப டெம்பர் ஏற்ற வேண்டும். அந்த வசதி இல்லாதவர் இந்த வேலையைத் தொடாமல் இருப்பதே நல்லது. ராடின் மேல் நேரடியாக வெல்டு வைக்காதீர்கள். வெல்டுக்குப் பக்கத்திலேயே விரிசல் விழும்.

மாட்டும்போது ஒரு சக்கரம் ஜாக்கில், மறு சக்கரம் தரையில் என்று இருந்தால் லிங்க் முறுக்கோடு உட்காரும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்து, ஆக்சில் முழுக்கத் தொங்கும்போதும் முழுக்க ஏறும்போதும் ராடு பிரேக் ஹோஸில் உரசுகிறதா என்று குனிந்து பாருங்கள். சேசிஸில் பிராக்கெட் வெல்டு வைக்கும்முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ராடைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷுக்குச் சாதா கிரீஸ் ஆகாது, ரப்பர் ஊதிவிடும்.

தோட்டத்துக் கல்பாதையில் சக்கரம் தனித்தனியாக ஏறி இறங்க வேண்டும். விறைப்பான ராடு ஒரு சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிவிடும். அங்கே போகும் வண்டிக்குக் கழற்றி மாட்டும் லிங்க் வையுங்கள்.

பதிவு விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிட்டு இரும்பு வாங்குங்கள். மெட்டு தாண்டினால் கேரளா, மறித்துக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது வண்டிக்காரர்தான்.