பொரித்த எண்ணெயிலிருந்து சலவைச் சோப்பு: முதல்முறை செய்பவர்களுக்கு

பொரித்து முடித்த எண்ணெயை என்ன செய்யலாம் என்று கேட்டால், கொஞ்சம் வேதியியல் தெரிந்தவர்கள் உடனே பயோடீசல் என்பார்கள். வீட்டில் தொடங்குபவர்களுக்கு நான் சோப்பைத்தான் சொல்வேன். பயோடீசலுக்கு மெத்தனால் வேண்டும். 2024-இல் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் பறித்த சாராயத்தில் கலந்திருந்தது அதுதான். அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். சமையலறையில் அதற்கு என்ன வேலை? தவிர, டீசலாக்கினால் கடைசியில் எரிந்து புகையாகப் போகிறது. சோப்பாக்கினால் அந்தக் கொழுப்பு இன்னொரு முறை உழைக்கிறது.

எண்ணெயின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசரினோடு பிணைந்திருக்கின்றன. காஸ்டிக் சோடா என்ற கடுமையான காரம் அந்தப் பிணைப்பை அறுக்கிறது. அமிலங்கள் சோப்பாகின்றன, கிளிசரின் விடுபடுகிறது. ஒலிக் அமிலம் என்ற ஒரே வகைக் கொழுப்பு அமிலம் மட்டுமே உள்ள கொழுப்பு 885 கிராமுக்கு 120 கிராம் காஸ்டிக் சோடா போனால், 913 கிராம் சோப்பும் 92 கிராம் கிளிசரினும் வரும். கூட்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும் 1005. போட்டதில் ஒரு அணுவும் கழிவாவதில்லை. கழிவையும் நச்சையும் குறைக்கப் பார்ப்பது பசுமை வேதியியல். வேதியியலாளர்கள் பால் அனஸ்டஸும் ஜான் வார்னரும் 1998-இல் வகுத்த அதன் 12 கொள்கைகளில் இரண்டாவது இதைத்தான் கேட்கிறது.

எண்ணெய் சேகரிப்பது

வீட்டு வடைச்சட்டியில் மிஞ்சுவது போதாதென்றால் தெருமுனைப் பேக்கரியிலோ மாலை நேரக் காளான் வண்டியிலோ கேளுங்கள். எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்து கெடும்போது அதில் சேருபவை துருவச் சேர்மங்கள். பொரிக்கும் எண்ணெயில் அவை மொத்தம் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயை மறுபடி சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நாடு முழுவதும் விதி. கறுத்த எண்ணெய் இன்னொருவர் வடைக்குப் போகாமல் நம் வாளிக்கு வந்தாலே பாதி லாபம். பாமாயிலா, சூரியகாந்தியா, கடலை எண்ணெயா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்வது

சோப்பு நன்றாக வருவதும் நாறுவதும் இந்தக் கட்டத்தில்தான் முடிவாகிறது, அவசரப்படாதீர்கள். எண்ணெயை வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். பெரிய பாத்திரத்தில் எண்ணெய்க்குச் சம அளவு தண்ணீரும் ஒரு கைப்பிடி உப்பும் சேர்த்துக் கால் மணி நேரம் சிறு தீயில் கொதிக்க விடுங்கள். பாத்திரம் பாதிக்கு மேல் நிரம்பியிருக்கக் கூடாது, பொங்கும். இறக்கி இரவு முழுக்க அசைக்காமல் வைத்தால் காலையில் மேலே எண்ணெய், கீழே கலங்கல் தண்ணீர், நடுவில் மசாலாவும் மாவும் சேர்ந்த கசடு என்று பிரிந்திருக்கும். மேலே நிற்பதை மட்டும் கரண்டியால் எடுங்கள். அடித் தண்ணீர் தெளியும்வரை மறுபடி மறுபடி இப்படிச் செய்ய வேண்டும். கசடைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். கோவைச் சாக்கடையும் திருப்பூர்ச் சாக்கடையும் போய்ச் சேரும் நொய்யல் ஆறு பட்டது போதும். பழைய செய்தித்தாளில் உறிஞ்சவிட்டுக் குப்பையில் போடலாம்.

பிறகு எண்ணெயைச் சடசடப்பு அடங்கும்வரை சிறு தீயில் சூடாக்குங்கள். மிச்ச ஈரம் சோப்பைக் கெடுத்துவிடாது, ஆனால் தராசு அதையும் எண்ணெயாகவே எடை போடும். கோழி பொரித்த எண்ணெயின் வாடை முழுவதுமாகப் போகாது. அதில் செய்யும் சோப்பைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு

இங்கே படியும் டம்ளரும் உதவாது, ஒரு கிராம் வரை காட்டும் மின்தராசு வேண்டும். பழைய எண்ணெய் 700 கிராம், தேங்காய் எண்ணெய் 300 கிராம். நுரை தருவது தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம். அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி அதுதான். காங்கயம் பக்கத்து ஆலை எண்ணெய் வீட்டில் சிக்கு வாடை அடித்துக் கிடந்தால் அதையே போடலாம்.

ஒரு கிராம் சூரியகாந்தி எண்ணெய்க்குக் காஸ்டிக் சோடா 0.135 கிராம், கடலை எண்ணெய்க்கு 0.136, பாமாயிலுக்கு 0.142, தேங்காய் எண்ணெய்க்கு 0.183. சூரியகாந்தி என்றால் 94.5-உம் 54.9-உம் சேர்ந்து 149.4 கிராம். காரம் மிஞ்சிவிடக் கூடாது என்பதற்காக அதில் ஆறு சதவீதம் குறைத்து 140 கிராம் எடுங்கள். பாமாயிலுக்கும் இதே 140 போதும். தண்ணீர் 300 கிராம்.

பழைய எண்ணெயில் அமிலம் கூடுதலாயிற்றே, சோடாவைக் கூட்ட வேண்டாமா என்று சிலர் கேட்பதுண்டு. பயோடீசலுக்கு வேண்டும். சோப்புக்கு வேண்டாம்: கிளிசரினோடு இருந்தாலும் பிரிந்து கிடந்தாலும் ஒரு கொழுப்பு அமிலம் கேட்கும் சோடா ஒன்றுதான்.

கலப்பது

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் செய்யுங்கள். பிள்ளைகள் கிட்டே வரக் கூடாது. எவர்சில்வர் பாத்திரம்தான், அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும். தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. கரைசல் 80 டிகிரிக்கு மேல்கூடக் கொதிப்பேறும். தோலில் பட்டால் குழாய்த் தண்ணீரை நிறைய விட்டுக் கழுவுங்கள். எலுமிச்சையும் வினிகரும் தேய்க்க வேண்டாம். கண்ணில் பட்டால் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக ஏற்பாடு செய்யுங்கள்.

கரைசலும் எண்ணெயும் 40 டிகிரி அளவுக்கு ஆறியதும் கரைசலை எண்ணெயில் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். கையால் என்றால் முக்கால் மணி நேரமும் ஆகலாம், பிளெண்டர் இருந்தால் சில நிமிடம். கரண்டியிலிருந்து சொட்டும் கலவை மேற்பரப்பில் கோடாக நின்றால் பதம் வந்துவிட்டது. எலுமிச்சைப்புல் எண்ணெய் 30 கிராம் சேர்க்கலாம். அச்சில் ஊற்றி இரண்டு நாள் கழித்து வெட்டி, காற்றோட்டமான நிழலில் நான்கு வாரம் அடுக்கி வையுங்கள். சூரியகாந்தி என்றால் ஆறு வாரம். காரம் எவ்வளவு என்று காட்டும் பிஎச் தாள் 9, 10 காட்டினால் சரி. 11 தாண்டினால் இன்னும் சில நாள் வைத்துப் பாருங்கள்.

கிளிசரின் எங்கே?

சோப்புக்குள்ளேயே இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். தொழிற்சாலைகளில் சோப்புக் குழம்பில் உப்பு சேர்ப்பார்கள். சோப்பு திரண்டு மேலே வர, கிளிசரின் உப்புத் தண்ணீரோடு அடியில் தங்கும். அதைத் தூய்மையாக்க வெற்றிடத்தில் காய்ச்சி வடிக்க வேண்டும், வீட்டு அடுப்புக்கு அது ஆகாத வேலை. அந்தக் கிளிசரினிலிருந்துதான் எப்பாக்சி பிசினுக்கு வேண்டிய எபிகுளோரோஹைட்ரின் வரை போகிறார்கள். ஒலிக் அமிலத்தை ஓசோனால் இரண்டாக முறித்தால் முகப்பரு மருந்தில் சேரும் அசெலைக் அமிலம் கிடைக்கும். இன்னொரு கொழுப்பு அமிலமான ஸ்டியரிக் அமிலத்திலிருந்து வருபவை பனியன் துணியை மிருதுவாக்கும் ரசாயனங்கள். திருப்பூர்க்காரர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுப்பைப் பிரிக்கும் வேலையையே காஸ்டிக் சோடா இல்லாமல், 40, 50 டிகிரி சூட்டில் லிப்பேஸ் என்ற நொதியால் செய்யவும் முடியும்.

துவைக்கும்போது

அவிநாசி, பல்லடம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இந்தச் சோப்பு எளிதில் நுரைக்காது. தண்ணீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகத் துணியில் ஒட்டும். ஒரு வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்டுக் கரைத்து, பத்து நிமிடம் கழித்துச் சோப்பைப் பயன்படுத்துங்கள். உப்புக் குறைந்த சிறுவாணி அணைத் தண்ணீர் வருகிற வீடுகளில் இது தேவைப்படாது.