பிரவுசர் ஒலியை ஆர்டோருக்குள் கொண்டுபோவது எப்படி?

லினக்ஸில், பிரவுசரில் ஓடும் ஒலியை ஆர்டோர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்ய வேண்டும். பிரவுசர் பேசுவது பல்ஸ்ஆடியோ பாஷை, ஆர்டோர் கேட்பது ஜாக் பாஷை. இரண்டுமே புரோகிராம்களுக்கும் சவுண்ட் கார்டுக்கும் நடுவே ஒலியைக் கடத்தும் சர்வர்கள். முன்பு இரண்டு சர்வரையும் ஓடவிட்டு நடுவில் ஜாக் சிங்க் மாட்யூலைப் பாலமாகப் போடுவேன். சவுண்ட் கார்டு யார் கையில் என்ற சண்டையிலேயே பாதி நாள் போய்விடும். இப்போது பைப்வயர் என்ற ஒரே சர்வர் இரண்டு பாஷையும் பேசுகிறது. ஃபெடோரா லினக்ஸில் 34ஆம் பதிப்பு (2021) முதல் ஒலிக்கு அதுவே இயல்பாக வருகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பழைய பாலத்தின் பக்கமே போக வேண்டாம்.

1. டெர்மினலில் பிஏசிடிஎல் இன்ஃபோ (pactl info) கட்டளையைக் கொடுங்கள். சர்வர் பெயர் வரியில் பைப்வயர் என்று வந்தால் சரி. அப்புறம் பைப்வயரின் ஜாக் பேக்கேஜையும், புரோகிராம்களைப் பெட்டிகளாகவும் ஒலி இணைப்புகளைக் கோடுகளாகவும் காட்டும் க்யூபிடபிள்யூகிராஃபையும் (qpwgraph) நிறுவுங்கள். இதே வேலைக்கான ஹெல்வம் பார்க்க அழகு, ஆனால் போட்ட இணைப்பைச் சேமிக்காது. அதனால் எனக்கு ஆகாது.

2. ஆர்டோரில் ஆடியோ சிஸ்டம் கேட்கும்போது ஜாக்கைத் தேர்ந்தெடுங்கள். பல்ஸ்ஆடியோவைத் தொட்டால் பதிவே ஆகாது, கேட்க மட்டும்தான் முடியும். ஒரு ஸ்டீரியோ டிராக் சேருங்கள்.

3. பிரவுசரில் எதையாவது ஓடவிட்டு க்யூபிடபிள்யூகிராஃபைப் பாருங்கள். ஒலி ஓடாவிட்டால் பிரவுசர் பெட்டியே தெரியாது.

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். ஸ்பீக்கர் பெட்டியிலும் மானிட்டர் (ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியின் நகல்) என்று இரண்டு முனைகள் இருக்கும். 'எல்லா ஒலியும் இங்கேதானே வருகிறது' என்று அதிலிருந்து டிராக்குக்குக் கோடு இழுத்தேன். பதிவு பட்டனை அழுத்தியதும் காதைக் கிழிக்கும் ஊளை! ஆர்டோரின் ஒலி ஸ்பீக்கருக்குப் போய், மானிட்டர் வழியாக மறுபடி ஆர்டோருக்கே வந்து, சுற்றிச் சுற்றிப் பெருகியிருக்கிறது. ஹெட்போன் போட்டிருந்தேன் வேறு. கோட்டைப் பிரவுசர் பெட்டியின் அவுட்புட் எஃப்எல் (இடது), எஃப்ஆர் (வலது) முனைகளிலிருந்தே இழுங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் கோடு இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஆர்டோரும் அதே ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பினால் இரட்டையாகக் கேட்கும். டிராக்கின் ஃபேடரை (ஒலியளவுப் பட்டையை) இறக்கிவிடுங்கள், பதிவு பாதிக்காது.

பஃபர் (ஒரு தடவையில் கையாளும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கை) 1024 என்றே இருக்கட்டும். 48,000 ஹெர்ட்ஸில் அது சுமார் 21 மில்லிசெகண்ட். வெறும் பதிவுக்கு அதைக் குறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

பிற்சேர்க்கை: 'ஆர்டோர், ஜாக் சர்வர் இல்லை என்கிறது' என்று சிலர் கேட்டிருந்தார்கள். டெபியன் போன்றவற்றில் ஆர்டோர் கட்டளைக்கு முன்னால் பிடபிள்யூ-ஜாக் (pw-jack) சேர்த்துத் திறவுங்கள்.

இன்னொன்று: அடுத்த வீடியோவுக்குத் தாவினால் கோடு காணாமல் போகும். க்யூபிடபிள்யூகிராஃபின் பேட்ச்பே மெனுவில் சேமித்து, ஆக்டிவேட்டட் என்பதை டிக் செய்துவிடுங்கள். பிரவுசர் பெட்டி திரும்ப வந்ததும் கோட்டை அதுவே போட்டுக்கொள்ளும்.