சோகை மூடாக்கு: குவாசுலு-நேட்டாலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டோங்காட், ஸ்டாங்கர் பக்கம் கரும்பு பெரும்பாலும் மானாவாரிதான். அக்டோபர் முதல் மார்ச் வரை பெய்வதை மண் பிடித்துவைத்தால்தான் வறண்ட குளிர்காலத்தைக் கடக்கலாம். ஆனாலும் வெட்டு எளிதாகும் என்று தோட்டத்துக்குத் தீ வைக்கிறோம். 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் பாடுபட்ட மண்ணின் போர்வையான சோகையை, அதாவது கரும்பின் காய்ந்த இலைகளை, நாமே எரிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. டர்பன் அருகே மவுண்ட் எட்ஜ்கம்பிலுள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் எரித்த நிலத்தையும் சோகை பரப்பிய நிலத்தையும் 1939 முதல் ஒப்பிட்டு வருகிறார்கள். சோகை கிடந்த நிலத்தின் மேல்மண்ணில்தான் மட்கு மிகுதி.

எரிக்காமல் விட்டவர்களும் தவறுகிறார்கள். ஒருமுறை செப்டம்பரில் என் காய்கறிப் பாத்தியில், காய்ந்து கிடந்த மண்மீது முழங்கால் உயரத்துக்குச் சோகையைக் கொட்டினேன். முதலில் வந்த தூறல்களெல்லாம் சோகையை நனைத்ததோடு சரி. வெயில் அடித்ததும் ஆவியாகிவிட்டன. கையை விட்டுப் பார்த்தால் அடியில் புழுதி. மூடாக்கு தானாக ஈரம் தராது, இருக்கும் ஈரத்தைத்தான் காக்கும். ஆகவே நல்ல மழை ஒன்று பெய்து மண் ஆழமாக நனைந்த பிறகு, களையை எடுத்துவிட்டுப் பரப்புங்கள். காய்கறிக்கு நான்கு விரல் கனம் போதும்.

பணத்தை அதிகம் வீணாக்குவது யூரியா விஷயம். சோகையின் மேல் தூவிய யூரியாவில் கணிசமான பங்கு அங்கேயே அம்மோனியாவாக மாறிக் காற்றில் போய்விடும். சோகையை ஒதுக்கி, மண்ணுக்குள் இட்டு மூட வேண்டும். சோகையை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களும் மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக்கொள்ளும் என்பதால், பயிர் வெளுத்தால் முதலில் தழைச்சத்துக் குறைவைச் சந்தேகியுங்கள்.

சரிவில் சோகையை மேலிருந்து கீழாக வரிசையிடாதீர்கள். வெள்ளம் அந்த வழியே ஓடி மண்ணை அரிக்கும். சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். மாமரம், கறிவேப்பிலை அடியில் தண்டை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும், ஒரு சாண் விடுங்கள்.

கடற்கரைக்குப் பொருந்துவது உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளுக்குப் பொருந்தாது. அங்கே உறைபனி உண்டு. மண்ணின் சூடு இரவில் மேலே வராமல் சோகை தடுப்பதால் மறுதாம்புக் குருத்து (வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் கரும்பின் குருத்து) கருகும். குருத்து வரும் வரிசையிலிருந்து சோகையை இடைவெளிக்குத் தள்ளிவிடுங்கள்.

குளிர்காலத்தில் காய்ந்த சோகை ஒரு பொறியில் பற்றும். பக்கத்துத் தோட்டத்தார் இன்னும் எரிப்பவராக இருந்தால் எல்லையோரத்தில் சோகையே இல்லாத வெற்றுத்தரைப் பட்டை ஒன்றை விட்டு, அவர் தீ வைக்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.