பிள்ளைகளுக்கு அன்பு சொல்லிக்கொடுக்கும்போது நாம் செய்கிற தவறுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு வாரத்தில் மூன்று நாள், தேவனாம்பட்டினத்திலிருந்து ஓர் ஆயா மீன் கொண்டுவருவார். அன்னக்கூடையைத் தலையிலிருந்து இறக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும், அவ்வளவு கனம். போன வருஷம் ஒருநாள் நான் அடுப்படியில் இருந்ததால் ஐந்து வயது மகள் வாசலுக்கு ஓடினாள். "என்னா வெல சொல்ற? நேத்து மீனா இது?" என்று அவள் கேட்டது உள்ளே வரை கேட்டது. குரல்தான் அவளுடையது. அந்த 'சொல்ற', அந்த இழுப்பு எல்லாம் என்னுடையது.

ஆயா சிரித்துக்கொண்டார். நான் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

ராத்திரி கதை சொல்லும்போது "எல்லார்கிட்டயும் அன்பா இருக்கணும்" என்கிறோம். பகலில் வாசலில் நாம் பேசுவதைத்தான் பிள்ளை எடுத்துக்கொள்கிறது. யாருக்கு 'வாங்க', யாருக்கு 'வா' என்பது மூன்று வயதுக்குள்ளேயே பிள்ளைக்குப் பிடிபட்டுவிடுகிறது. பேரம் பேசுவதில் தப்பில்லை, இளக்காரமாகப் பேசுவதில்தான் இருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் "வாங்க ஆயா"தான். கூடையை இறக்க நான் போவேன், சொம்பில் தண்ணீர் கொண்டுவருவது மகள் வேலை.

குப்பை விஷயமும் இப்படித்தான். "குப்பைக்காரன் வந்துட்டான்" என்று கத்துவதை முதலில் நாம் விட வேண்டும். அப்புறம், உடைந்த கண்ணாடித் துண்டை அப்படியே போடாமல் பழைய செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும். "ஏன்மா சுத்துற?" என்று பிள்ளை கேட்கும். "பிரிக்கிறவங்க கையை வெட்டிடும்ல" என்றால் போதும். முகம் தெரியாத ஒருவரின் கையைப் பற்றி அந்த நிமிஷம் அது யோசிக்கிறது.

அடுத்து, நாம் அவசரமாகச் சொல்லவைக்கும் 'சாரி'. சில்வர் பீச்சில் ஒரு சாயங்காலம், ஒரு பையன் இன்னொருவன் கட்டிய மணல் வீட்டை மிதித்துவிட்டான். அப்பா தோளைப் பிடித்து உலுக்கி "சாரி சொல்லு" என்று மூன்று தடவை சொன்னார். பையன் கடலைப் பார்த்துக்கொண்டே 'சாரி' என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். வீடு இடிந்தது இடிந்தபடியே கிடந்தது. அழுகையிலோ கோபத்திலோ இருக்கும் பிள்ளைக்கு நாம் சொல்வது எதுவும் ஏறாது. கொஞ்சம் அடங்கட்டும். பிறகு, "அவன் மூஞ்சியைப் பாரு. எவ்ளோ நேரமா கட்டினான்? இப்போ நாம என்ன பண்ணலாம்?" என்று கேட்கலாம். ஈர மணல் அள்ளிவந்து கொடுக்கத் தோன்றினால் அதுவே மன்னிப்பு. வார்த்தை பின்னால் வரட்டும். 'நீ கெட்ட பையன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். செய்த காரியத்தைக் கண்டித்தால் அதைத் திருத்திக்கொள்ளலாம், ஆளையே கெட்டவன் என்றால் பிள்ளை எதைத் திருத்தும்?

"தம்பிக்கு விட்டுக்கொடு, சாக்லேட் தரேன்" என்பது பார்க்கச் சின்ன விஷயம். ஒன்றரை வயதிலேயே, பெரியவர் கைதவறிப் போட்ட துணி கிளிப்பை யாரும் சொல்லாமல் எடுத்துக் கொடுக்கிறார்கள் குழந்தைகள். ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தினர் 2006இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். அவர்களே 2008இல் இருபது மாதக் குழந்தைகளிடம் இன்னொரு சோதனை செய்தார்கள். உதவும்போதெல்லாம் பரிசு வாங்கிய குழந்தைகள், பிறகு பரிசு இல்லாத நேரத்தில் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவின. தானாக வருகிற ஒன்றுக்கு நாமே விலை வைத்துவிடுகிறோம். அதற்குப் பதில், "நீ எடுத்துக் குடுத்ததும் பாட்டிக்குக் குனியற வேலை மிச்சமாச்சு" என்று நடந்ததைச் சொல்லுங்கள்.

பிள்ளை கையிலிருக்கும் பொம்மையைப் பிடுங்கி இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பதும் வேண்டாம், விளையாடி முடித்ததும் தரட்டும். தெருநாயைக் கண்டால் கல்லெடுக்கச் சொல்லாதீர்கள். சாப்பிடும்போதும் குட்டி போட்டிருக்கும்போதும் கிட்டே போகக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

என்னை அதிகம் உறுத்துவது பிறந்தநாள் அன்னதானம். நாங்களும் செய்தோம். ஒரு குழந்தைகள் இல்லத்தில் புது கவுன் போட்ட மகள் நின்றபடி இனிப்பு கொடுக்க, அவள் வயதுப் பிள்ளைகள் வரிசையில் வந்து வாங்க, நான் போனில் படம் எடுத்தேன். ஒரு பெண் குழந்தை படம் எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொடுப்பவள் மேலே, வாங்குபவள் கீழே என்ற பாடத்தை என் கையாலேயே நடத்தியிருக்கிறேன்.

இந்த வருஷம் வடலூருக்குப் பஸ் ஏறினோம். வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமசாலை அங்கே இருக்கிறது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பார்கள். என்ன சாதி, என்ன மதம் என்று யாரும் கேட்பதில்லை, பசித்து வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நாங்களும் உட்கார்ந்தோம். மகளுக்குப் பக்கத்தில் அழுக்கு வேட்டியில் ஒரு தாத்தா. இவள் சோற்றிலிருந்து சாம்பார் ஓடுவதைப் பார்த்து, "இப்படிப் பாத்தி கட்டும்மா" என்று தன் சோற்றில் செய்து காட்டினார். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தத் தாத்தாவைப் பற்றியேதான் பேசிக்கொண்டு வந்தாள்.