துண்டு ஈரத்தை உறிஞ்ச மறுக்கிறதா?

இந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்த பெரிய விஷயம், குளியல் துண்டுகள் மறுபடியும் ஈரத்தை உறிஞ்ச ஆரம்பித்ததுதான். சிரிக்காதீர்கள். துடைக்கத் துடைக்க தண்ணீரை உடம்பு முழுக்கத் தள்ளிக்கொண்டே போகும் துண்டோடு பல மாதம் காலம் தள்ளியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

காரணம், வாசனைக்காக நான் ஊற்றிவந்த ஃபேப்ரிக் கண்டிஷனர். அது நூலிழைகள் மேல் வழுவழுப்பான மெல்லிய படலமாகப் படிந்துவிடும். தண்ணீர் எளிதில் உள்ளே இறங்காது. சோப்புத்தூள் அதிகமானாலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

சரி என்று கண்டிஷனரை நிறுத்தினேன், தூளைப் பாதியாகக் குறைத்தேன். பருத்தித் துண்டுகளை மட்டும் தனியாக, அரை கப் வெள்ளை வினிகர் கலந்த வெந்நீரில் ஒருமுறை அலசினேன். (வினிகரோடு ப்ளீச்சை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.) காய்ந்ததும் வினிகர் வாடை போய்விட்டது. இரண்டு மூன்று சலவையிலேயே நல்ல வித்தியாசம்.

அப்புறம், கொடியில் போடும் முன் பலமாக ஓர் உதறு. அமுங்கிய இழைகள் நிமிர்ந்து, துண்டு அவ்வளவு விறைப்பாகக் காயாது. அந்தப் 'படார்' சத்தத்துக்காகவே இப்போதெல்லாம் துணி காயப்போட நானே முந்திக்கொள்கிறேன்.