வேலூர் வெயிலுக்குத் தாங்குற மாதிரி சிட்டுக்குருவிக் கூடு, வீட்லயே செய்யலாம்

குருவிக்கூடு செய்றது பெரிய ஆசாரி வேலையெல்லாம் இல்லீங்க. ஒரே ஒரு பலகை, ரம்பம், சுத்தி, ஆணி, ஒரு ட்ரில் மெஷின் இருந்தா ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும். ஆனா நம்ம வேலூர் பக்கம் செய்யும்போது ஒண்ண மட்டும் விடவே கூடாது, அது வெயிலு. நெட்ல கிடைக்கிற கூடு டிசைன்ல பாதி குளிர் நாட்டுக்காரங்க போட்டது, அவங்க கவலை எல்லாம் குளிரப் பத்தி, நமக்கு கத்திரில 42 டிகிரி தாண்டுற நாளுங்க இருக்கு, அன்னிக்கு மெல்லிசான ப்ளைவுட் பெட்டிக்குள்ள நாலு குஞ்சு இருந்தா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. கடைல விக்கிற கலர் அடிச்ச பெட்டிங்க பாக்க அழகாத்தான் இருக்கு, வெயிலுக்கு ஆகாது.

நாட்டு ஓடு போட்ட வீடுங்க இருந்த வரைக்கும் இதெல்லாம் தேவையே படல. குடியாத்தம், ஆரணி பக்கம் பழைய தறி வீட்டுத் தாழ்வாரத்துல கைமரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கும், குருவிங்க அதுல வைக்கோல சொருகி குடும்பம் நடத்தும். இப்ப மெத்த வீடு கட்டி டைல்ஸ் ஒட்டி சந்தே இல்லாம பூசிடறோம். குருவி கொறைஞ்சதுக்கு செல்போன் டவர்தான் காரணம்னு சொல்றதுக்கு உறுதியான ஆதாரம் இல்ல, ஆனா கூடு வைக்க இடமில்லன்றது கண்ணால பாக்குற விஷயம், அந்த சந்தத்தான் நாம பெட்டியா செஞ்சு குடுக்கறோம்.

மரம் முதல்ல. 6 இன்ச் அகலம், முக்கால் இன்ச் கனம், 5 அடி நீளம், இப்படி ஒரு பலகை போதும். மாமரம், வேப்பமரம், பேக்கிங் பெட்டி மரம் எதுன்னாலும் சரி, சா மில்லுல கழிவுத் துண்டாவே கிடைக்கும். கனம் குறையவே கூடாது, அந்த முக்கால் இன்ச்தான் சூடு உள்ள எறங்காம தடுக்குது. பழைய பேலட் (சரக்கு அடுக்குற மரத்தட்டு) மரம் வாங்கறவங்க கொஞ்சம் பாத்து வாங்குங்க, நம்ம ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் கம்பெனிக்கு கெமிக்கல் வந்த பேலட்டும் கலந்து வரும். கறை இருந்தா, மூக்குல வச்சா நெடி அடிச்சா வேணாம். முத்திரைல எச்டின்னு (HT) இருந்தா சூடு பண்ணி பதப்படுத்துன மரம், எடுத்துக்கலாம். எம்பின்னு (MB) இருந்தா விஷப்புகை போட்டது, தொடாதீங்க.

இப்ப அறுக்கறது. பின்பலகை 14 இன்ச், முன்பலகை 8, கூரைக்கு 9, அடிப்பலகைக்கு நாலரை. பக்கப்பலகை ரெண்டுக்கும் சேத்து 18 இன்ச் துண்டு ஒண்ணு எடுத்துக்குங்க, ஒரே முனைலேருந்து அளந்து ஒரு ஓரத்துல 8 இன்ச்லயும் எதிர் ஓரத்துல 10 இன்ச்லயும் மார்க் பண்ணி குறுக்கால சாய்வா அறுத்தா ஒரே மாதிரி ரெண்டு பலகை வந்துடும், கூரைக்கு வேண்டிய சரிவும் அதுலயே கிடைச்சுடும். மூலைமட்டம் வச்சு கோடு போட்டுட்டு அறுங்க, இல்லன்னா சேக்கும்போது சந்து விடும்.

ஓட்டைதான் இதுல உயிர். 32 எம்எம், அதாவது ஒண்ணேகால் இன்ச். ஹோல் சா பிட் (வட்டமா ஓட்டை அறுக்குற ட்ரில் முனை) இல்லன்னா தெருவுல இருக்கிற எலக்ட்ரீஷியன் அண்ணன் கிட்ட கேளுங்க, அவர் கிட்ட இருக்கும். முன்பலகைல மேல இருந்து 2 இன்ச் கீழ சென்டர் வச்சு போடுங்க. பெருசா போட்டா மைனா பூந்துடும், குருவிய வெரட்டிட்டு முட்டையக்கூட வெளிய தள்ளிடும். ஓட்டைக்குக் கீழ உக்கார ஒரு குச்சி நடுவாங்க பாருங்க, அதுவும் வேணாம், குருவிக்கு அது தேவையே இல்ல, காக்காவும் மைனாவும் நின்னு உள்ள எட்டிப் பாக்கத்தான் வசதி. விளிம்ப உப்புத்தாள் போட்டு தேச்சு விடுங்க. அப்புறம் முன்பலகைய திருப்பி, உள்பக்கம் ஓட்டைக்கு கீழ ரம்பப் பல்லால குறுக்கால நாலஞ்சு கீறல் போடுங்க. எறக்க மொளைச்ச குஞ்சு வழுவழு பலகைல ஏற முடியாம உள்ளயே தவிக்கும், அந்தக் கீறல்ல நகத்த மாட்டித்தான் மேல வரும்.

அடிப்பலகை நாலு மூலைலயும் கால் இன்ச் ஓட்டை, தண்ணி நிக்காம இருக்க. பக்கப்பலகை ரெண்டுலயும் கூரைக்கு ஒட்டி கீழ அதே அளவுல மூணு மூணு ஓட்டை, சூடு மேல ஏறி வெளிய போகணும்ல. நம்ம ஊருக்கு இது கட்டாயம்.

சேக்கறது சுலபம். பின்பலகைல மேலயும் கீழயும் 2 இன்ச் விட்டு நடுவுல பக்கப்பலகைய நிறுத்துங்க, அதுங்க நடுவுல அடிப்பலகை, கடைசியா முன்பலகை. ஆணி அடிக்கிற இடத்துல முன்னாடியே சின்ன ட்ரில் போட்டா மரம் பிளக்காது. கூரைய மட்டும் ஆணி அடிச்சு மூடிடாதீங்க, சுத்தம் பண்ண தொறக்கணும். கீல் போடலாம், ஆனா எனக்குப் பிடிச்சது சைக்கிள் ட்யூப். பங்க்சர் கடைல கிழிஞ்ச ட்யூப் ஒரு சாண் வாங்கி, நீட்டுக்கு வெட்டி, கூரைக்கும் பின்பலகைக்கும் மேல படுக்க வச்சு சின்ன ஆணி வரிசையா அடிச்சா அதுவே கீலு, மழைத்தண்ணி உள்ள எறங்குற சந்தையும் அதுவே அடைச்சுடும். முன்பக்கம் ஒரு ஸ்க்ரூ போட்டு கூரைய இறுக்கிடுங்க. பெயிண்ட், வார்னிஷ் எதுவும் வேணாம், உள்ள சுத்தமா கூடாது.

மாட்டுற எடம். மேக்கு செவுரு வேணாம், சாயங்கால வெயில் நேரா எறங்கும். கெழக்கு இல்ல வடக்கு பாத்த செவுத்துல, சன்ஷேடுக்கு அடியில, 8லேருந்து 10 அடி ஒசரத்துல. ஐப்பசி கார்த்திகை மழை கெழக்க இருந்துதான் சாத்தும், அதனாலதான் சன்ஷேடு சொல்றேன், பெட்டியையும் லேசா முன்பக்கம் சாச்சு மாட்டுங்க. பூனை ஏறுற மாதிரி மாடிப்படி, காம்பவுண்ட் பக்கத்துல வேணாம். ஹால் உள்ள மாட்டவே வேணாம், ஃபேன்ல அடிபட்டுடும். குருவி கூட்டமா வாழுற ஜீவன், ரெண்டு மூணு பெட்டி கொஞ்சம் தள்ளித் தள்ளி மாட்டினா இன்னும் நல்லது.

உள்ள வைக்கோல் வைக்காதீங்க, அதுவே எடுத்துக்கினு வரும். அக்கம்பக்கம் கெடக்குற நைலான் நூலு, மாஞ்சா இருந்தா பொறுக்கிப் போட்டுடுங்க, குஞ்சு கால்ல சுத்திக்கும். நிழல்ல ஒரு மண்சட்டில தண்ணி வைங்க. கம்பு, நொய் போடலாம், ஆனா குஞ்சுக்கு மொத ஆகாரம் பூச்சி புழுதான், அதனால வீட்டு அவரைப் பந்தலுக்கும் முருங்கைக்கும் மருந்து அடிக்காதீங்க. ஒடனே வரலன்னு எடம் மாத்திக்கினே இருக்க வேணாம், ஒரு சீசன் போகட்டும்.

முட்டை வச்சுட்டா கிட்டத்தட்ட ரெண்டு வாரம் அடை, அப்புறம் இன்னொரு ரெண்டு வாரத்துல குஞ்சு பறந்துடும். அது வரைக்கும் கூரைய தொறந்து ஃபோட்டோ எடுக்காதீங்க. குஞ்சு போனதும் அடுத்த முட்டை வைக்கலன்னு உறுதி பண்ணிக்கினு, மாஸ்க் போட்டு பழைய குப்பைய எடுத்துட்டு, கொதிக்கிற தண்ணி ஊத்தி அலசுங்க, கோழிப்பேன் மாதிரி பூச்சிங்க செத்துடும். ரெண்டு நாள் வெயில்ல காய வச்சு, அதே எடத்துல திரும்ப மாட்டிடுங்க.