கண்டம் கப்பல் இல்லை

இந்தியா தெற்கிலிருந்து நகர்ந்து வந்து ஆசியாவில் மோதியதில் இமயமலை எழுந்தது. இது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஆனால் மனதில் ஓடும் படம் பெரும்பாலும் கடலைக் கிழித்துக்கொண்டு வரும் கப்பல். 1912-ல் ஜெர்மன் விஞ்ஞானி வேகனர் கண்டங்கள் நகர்கின்றன என்றபோது, கெட்டியான கடலடிப் பாறையைக் கிழித்துக்கொண்டு கண்டம் எப்படிப் போகும் என்று மறுத்தார்கள். நியாயமான கேள்வி. கண்டம் எதையும் கிழிப்பதில்லை. கடலடியும் கண்டமும் ஒரே தட்டாக, அதாவது பூமியின் மேற்புறத்தில் உள்ள ஒரு பெரிய பாறைப் பலகையாக, சேர்ந்தே நகர்கின்றன. 'கண்டத்தட்டு' என்ற சொல்லும் கொஞ்சம் குழப்புகிறது. பசிபிக் தட்டு கிட்டத்தட்ட முழுக்கக் கடலடிதானே!

தட்டுகள் பாறைக்குழம்பின் மேல் மிதக்கின்றன என்பதும் தவறு. தட்டுகளுக்குக் கீழே இருக்கும் அடுக்கான கவசம் (mantle) திடப்பாறை. திரவத்தில் போக முடியாத நிலநடுக்க அலைகள் அதற்குள் தாராளமாகப் போகின்றன. தார்க்கட்டியைச் சுத்தியலால் அடித்தால் உடையும், சும்மா விட்டால் மெல்லப் படியும் அல்லவா? கவசமும் அந்த ரகம்தான், பல லட்சம் ஆண்டுக் கணக்கில்.

சரி, நகர்த்துவது எது? கீழே கொதிக்கும் நீரோட்டம் போல ஒன்று தட்டைத் தள்ளுகிறது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். மூலகாரணம் உள்வெப்பம்தான். ஆனால் பெரிய இழுவை எடையிலிருந்து வருகிறது. பழைய கடலடி குளிர்ந்து, அடர்த்தி கூடி, ஆழ்கடல் அகழிகளில் உள்ளே இறங்குகிறது. கொடியில் போட்ட ஈரப்புடவையின் ஒரு முனை அதிகம் தொங்கினால் மீதியும் சரிந்து இறங்குமே, அதேதான். ஓரங்களில் அகழிகள் நிறைந்த பசிபிக் தட்டு வேகமாக நகர்கிறது. அப்படி இழுக்க ஆளில்லாத ஆப்பிரிக்கத் தட்டு மெதுவாக.

கண்டமோ இதில் பிரேக். கண்டப்பாறையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.7 கிராம், கவசத்துக்கு 3.3. லேசானது அவ்வளவு எளிதில் அமிழாது. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவில் இருந்த டெதிஸ் என்ற பழைய கடலின் அடி ஆசியாவுக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தவரை நம் தட்டு ஆண்டுக்கு 15 சென்டிமீட்டர் போலப் பாய்ந்தது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலமே அங்கு போய்ச் சேர்ந்தது. இப்போது வேகம் சுமார் 5 சென்டிமீட்டர்.

அப்புறம் கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் லெமூரியா கண்டம். மடகாஸ்கரில் லெமூர், நம் பக்கம் அதன் உறவான தேவாங்கு. இரண்டுக்கும் பாலமாக ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று விலங்கியலாளர் ஸ்க்லேட்டர் 1864-ல் ஊகித்தார். தட்டுகள் நகர்வது அன்று தெரியாததால் அப்படி ஒரு கண்டம் தேவைப்பட்டது. பனியுகம் முடிந்து கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் உயர்ந்தபோது குமரிமுனையை ஒட்டிய தாழ்நிலம் நீரில் போனது உண்மை. ஆனால் அது தண்ணீர் ஏறிய கதை. அதைத் தட்டு நகர்வோடு சேர்க்க வேண்டாம்: பத்தாயிரம் ஆண்டில் இந்தியா நகர்ந்திருப்பது அரை கிலோமீட்டர்தான்.